வென்றவரின் கடன்

(அறக்கட்டளைச் சொற்பொழிவொன்றின் திருத்திய அச்சு வடிவம்)

மக்களாட்சியில் மாற்றுக் கருத்துக்கு உள்ள இடம் பற்றி ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடக்க வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையை ஏற்படுத்திய பெரியவரின் விருப்பம். அந்தப் பொருளுக்கு இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஐக்கிய இராச்சியத்தின் அனுபவம். ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, வெளியேறுவதா என்று 2016 ஜூன் 23 அன்று அந்த நாடு தன் மக்களைக் கேட்டது. மக்கள் விடை சொன்னார்கள். சொல்லி முடித்த பிறகுதான் உண்மையான சண்டை தொடங்கியது. அந்தச் சண்டையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நமக்குப் பட்டிமன்றம் புதிதல்ல. பட்டிமண்டபம் என்ற சொல்லே மணிமேகலையில் இருக்கிறது. இரண்டு அணி, ஒரு நடுவர், கடைசியில் ஒரு தீர்ப்பு. தீர்ப்பு வந்ததும் தோற்ற அணிக்கும் அதே கைத்தட்டல், அதே பொன்னாடை. எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம். அந்தத் தீர்ப்பின் கீழ் மறுநாள் யாரும் வாழ வேண்டியதில்லை. அதனால் அங்கே தோல்வி வலிப்பதில்லை. பொதுவாக்கெடுப்பு அப்படிப்பட்டதல்ல. வென்றவரும் தோற்றவரும் மறுநாள் காலை முதல் அந்த ஒரே தீர்ப்பின் கீழ், ஒரே தெருவில், சில வீடுகளில் ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டும்.

தோற்றவர் முடிவை ஏற்க வேண்டும் என்பதை நாம் அடிக்கடி கேட்கிறோம். அரசியல் அறிவியலில் அதற்குத் 'தோற்றவரின் இசைவு' என்றே பெயர் வைத்து நூல் எழுதியிருக்கிறார்கள். அது சரியான விதிதான், ஆனால் பாதி விதி. அந்த இசைவைப் பெறுவதற்கு வென்றவர் செலுத்த வேண்டிய கடன் ஒன்று இருக்கிறது. பிரிட்டனை நான்கு ஆண்டுகள் உலுக்கியது கருத்துவேறுபாடு என்று பலர் சொல்கிறார்கள். வென்றவர் தம் கடனைச் செலுத்தாததே அந்நாட்டை உலுக்கியது என்பது என் துணிபு. இதை ஆறு கூறுகளாக உங்கள் முன் வைக்கிறேன்.

1. எண்கள் சொன்னதும் சொல்லாததும்

வெளியேற வேண்டும் என்று வாக்களித்தவர்கள் 1 கோடியே 74 இலட்சம் பேர். நீடிக்க வேண்டும் என்றவர்கள் 1 கோடியே 61 இலட்சம் பேர். சதவீதத்தில் 51.9க்கு 48.1. வாக்குப்பதிவு 72.2 சதவீதம். அந்நாட்டின் வரலாற்றில் அதற்கு முன் வேறெந்த முடிவுக்கும் அத்தனை பேர் வாக்களித்ததில்லை என்று வெளியேற்றத்தை ஆதரித்தவர்கள் பெருமையோடு சொன்னார்கள். அது உண்மை. தோற்ற பக்கத்துக்கும் அதற்கு முன் எந்தத் தேர்தலில் வென்ற கட்சிக்கும் கிடைக்காத அளவு வாக்கு விழுந்திருந்தது. அதுவும் உண்மை.

நிலப்படத்தைப் பாருங்கள். இங்கிலாந்து 53.4 சதவீதமும் வேல்ஸ் 52.5 சதவீதமும் வெளியேறச் சொன்னன. ஸ்காட்லாந்து 62 சதவீதமும் வட அயர்லாந்து 55.8 சதவீதமும் நீடிக்கச் சொன்னன. லிங்கன்ஷயரின் பாஸ்டன் நகரில் நான்கில் மூவர் வெளியேறச் சொன்னார்கள். இலண்டனின் லாம்பெத்தில் நான்கில் மூவருக்கும் மேலானோர் நீடிக்கச் சொன்னார்கள். இளையோரும் பட்டதாரிகளும் பெரிதும் ஒரு பக்கம், மூத்தோரும் பள்ளிப் படிப்போடு நின்றவர்களும் பெரிதும் மறுபக்கம். 'மக்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள்' என்ற ஒற்றை வாக்கியம் இத்தனை வேறுபாட்டையும் மூடிவிட்டது.

இங்கே தமிழர்களுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அந்த வாரம் நான் இலண்டனில், ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் தங்கியிருந்தேன். வீட்டுக்காரர் திருநெல்வேலிக்காரர். கையில் இந்தியக் கடவுச்சீட்டு. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் அங்கே வசித்தால் வாக்களிக்கலாம் என்பது சட்டம். ஆகவே அவருக்கு வாக்கு இருந்தது. மாடியில் குடியிருந்தவர் போலந்துக்காரர். பதினோரு ஆண்டுகளாக அந்த ஊரில் கட்டட வேலை செய்து வரி கட்டியவர். அவருக்கு வாக்கு இல்லை. அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் நாட்டவர் நீங்கலாக ஒன்றியத்தின் பிற நாட்டவர் எவருக்கும் வாக்கு இல்லை. வாக்கெடுப்பு நாளன்று இலண்டனில் பெருமழை. நனைந்துகொண்டே வாக்குச்சாவடிக்குப் போய் வந்த வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார்: "என் பொழப்ப பத்தின ஓட்டு இல்ல சார் இது, மாடில இருக்கவரு பொழப்ப பத்தினது. ஆனா ஓட்டு எங்கிட்ட இருக்கு."

வாக்குரிமையின் எல்லை எங்காவது வகுக்கப்பட்டே ஆக வேண்டும். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த எல்லைக்கு வெளியே, முடிவின் சுமையைத் தோளில் தாங்கப் போகிறவர்கள் முப்பது இலட்சம் பேர் நின்றார்கள். ஸ்காட்லாந்தின் 2014 விடுதலை வாக்கெடுப்பில் 16, 17 வயதினருக்கு இருந்த வாக்கு இந்த முறை இல்லை. வென்றவரின் கடன் முதலில் தொடங்குவது இவர்களிடத்தில்.

2. கேள்வி ஒன்று, விடைகள் பல

வாக்குச்சீட்டில் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: ஒன்றியத்தில் உறுப்பினராக நீடிக்க வேண்டுமா, வெளியேற வேண்டுமா? நீடிப்பது என்றால் என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். 1973 முதல் இருந்துவரும் நிலை அது. வெளியேறுவது என்றால் என்ன என்று எவருக்கும் தெரியாது. நார்வேயைப் போல ஒன்றியத்துக்கு வெளியே நின்றுகொண்டே ஒற்றைச் சந்தைக்குள் இருப்பதும் வெளியேற்றம்தான். கனடாவைப் போல வணிக ஒப்பந்தம் மட்டும் செய்துகொள்வதும் வெளியேற்றம்தான். எந்த ஒப்பந்தமும் இல்லாமல் கதவைச் சாத்திவிட்டு வருவதும் வெளியேற்றம்தான். 'கட்டுப்பாட்டைத் திரும்பப் பெறுவோம்' என்று முழங்கியவர்களுக்குள்ளேயே இந்த மூன்று கருத்தும் இருந்தன.

வெளியேற்றத்தைக் கேட்டவர்கள் அரசாங்கத்தில் இல்லை. அரசாங்கத்தில் இருந்தவர்கள் வெளியேற்றத்தைக் கேட்கவில்லை. பிரதமர் டேவிட் கேமரன் வாக்கெடுப்புக்கு மறுநாள் காலையிலேயே விலகலை அறிவித்தார். வெளியேற்றத்துக்கு ஒரு திட்ட வரைவுகூட அரசின் கையில் இல்லை. அடுத்துப் பிரதமராக வந்த தெரசா மே, பிரெக்ஸிட் (பிரிட்டனின் வெளியேற்றம்) என்றால் பிரெக்ஸிட் என்றார். அந்தச் சொற்றொடரில் உறுதி இருந்தது, விளக்கம் இல்லை. விளக்கம் வந்தது 2017 ஜனவரி 17 அன்று, லான்காஸ்டர் மாளிகையில் அவர் ஆற்றிய உரையில். ஒற்றைச் சந்தையிலிருந்தும் சுங்க ஒன்றியத்திலிருந்தும் விலகுவோம் என்று அன்று அறிவித்தார். வாக்குச்சீட்டில் இந்த இரண்டு பெயரும் இல்லை. தோற்றவர்களிடம் கேட்கவில்லை, ஸ்காட்லாந்து அரசோடும் உடன்பாடு காணவில்லை. நூற்றுக்கு 52 பேரின் பெயரால், அந்த 52 பேரும் ஒத்துக்கொண்டிராத ஒரு பொருளை அரசு தானே எழுதிக்கொண்டது.

வேறு வழி இருந்ததா என்று கேட்பீர்கள். அதே இராச்சியத்துக்குள்ளேயே, பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. வட அயர்லாந்தின் முப்பதாண்டு இரத்தக்களரியை முடிவுக்குக் கொண்டுவந்த 1998-ஆம் ஆண்டுப் புனித வெள்ளி உடன்படிக்கை, மே 22 அன்று பொதுவாக்கெடுப்புக்கு வந்தது. முதலில் பகைவர்கள் உட்கார்ந்து பேசி, எழுதி, கையெழுத்திட்டார்கள். பிறகு அந்த உடன்படிக்கையின் முழு வாசகம் ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பப்பட்டது. அதற்குப் பிறகே வாக்கு. 71.1 சதவீதம் ஏற்பு. வாக்களித்தவர் கையில் அன்று ஓர் ஆவணம் இருந்தது. 2016-இல் இருந்தது ஒரு சொல். ஆவணத்தின் மேல் நடக்கும் விவாதத்துக்கு முடிவு உண்டு. சொல்லின் மேல் நடக்கும் விவாதம் ஒவ்வொருவர் மனத்திலும் வெவ்வேறு பொருளோடு வளர்ந்துகொண்டே போகும்.

3. முடிவு மாறினால் கொள்கை மாறலாமா?

இது எனக்கு மிகவும் வருத்தம் தந்த பகுதி. நம் ஊருக்கும் இதில் பாடம் இருக்கிறது.

வாக்கெடுப்புக்கு ஐந்து வாரம் முன்பு, வெளியேற்றத்தின் முன்னணிக் குரலான நைஜல் ஃபராஜ் ஒரு நாளேட்டிடம் பேசினார். தம் பக்கம் 52-48 என்ற கணக்கில் தோற்றால் விவகாரம் அதோடு முடிந்துவிடாது என்பது அவர் சொன்னதன் சாரம். கிட்டத்தட்ட அதே கணக்கில் அவர் பக்கம் வென்றது. வென்றதும், விவகாரம் முடிந்துவிட்டது என்றார்கள்.

மறுபக்கத்தையும் பாருங்கள். முடிவு வந்த சில நாளில், இரண்டாவது வாக்கெடுப்பு கேட்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவில் 41 இலட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். வாக்குப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழேயும் வென்ற பக்கத்தின் வாக்கு 60 சதவீதத்துக்குக் கீழேயும் இருந்தால் மறுபடி நடத்த வேண்டும் என்பது அதன் கோரிக்கை. அந்த மனுவைத் தொடங்கியவர் வெளியேற்றத்தின் ஆதரவாளர். தம் பக்கம் தோற்றுவிடும் என்று அஞ்சி, வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பே எழுதிவைத்தது அது. தோற்றவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஜூன் 22 அன்று அவர்கள் கேட்காத 60 சதவீதம் ஜூன் 24 அன்று அவர்களுக்கு அறமாகிவிட்டது.

குறைந்தபட்ச அளவுகோல் வேண்டும் என்ற கருத்தில் தவறில்லை. 1979-இல் ஸ்காட்லாந்துக்குத் தனிப் பேரவை வேண்டுமா என்று கேட்டபோது, மொத்த வாக்காளரில் 40 சதவீதம் ஆதரிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். வாக்களித்தவரில் 51.6 சதவீதம் வேண்டும் என்றார்கள். மொத்த வாக்காளரில் அது 32.9 சதவீதம்தான். பேரவை வரவில்லை. அந்த முடிவால் ஸ்காட்லாந்தில் கசப்பு எஞ்சியது. ஆனால் ஆட்டத்தின் விதி ஆட்டத்துக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. 2016-க்கான சட்டத்தில் அப்படியொரு விதி இல்லை. சட்டப்படி அந்த வாக்கெடுப்பு அரசைக் கட்டுப்படுத்தவும் இல்லை. அதே நேரத்தில் அரசு 2 கோடியே 70 இலட்சம் வீடுகளுக்கு அனுப்பிய துண்டறிக்கையில், நீங்கள் முடிவெடுப்பதை அரசு நிறைவேற்றும் என்று எழுதியிருந்தது. சட்டம் ஒன்று சொன்னது, வாக்குறுதி வேறொன்று சொன்னது. இரண்டு பக்கமும் தமக்கு வசதியானதைப் பிடித்துக்கொண்டன.

விதியை முடிவுக்கு முன்பே ஒத்துக்கொள்வதில்தான் நேர்மை இருக்கிறது. நான் தோற்றாலும் இதையே சொல்வேனா என்று தன்னைக் கேட்டுக்கொள்ளாத எவரும் பொது விவாதத்தில் இறங்கத் தகுதி பெறவில்லை என்பேன்.

4. நடுவில் நின்றவர்களுக்கு நேர்ந்தது

ஒன்றியத்திலிருந்து விலகும் அறிவிப்பை அரசு தன் அதிகாரத்தாலேயே அனுப்பலாமா, நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டுமா என்ற கேள்வியோடு ஜினா மில்லர் என்பவர் நீதிமன்றம் சென்றார். நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று 2016 நவம்பர் 3 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளியேறுவது நல்லதா கெட்டதா என்ற கேள்வி தம் முன் இல்லை என்பதை நீதிபதிகள் தெளிவாகச் சொன்னார்கள். மறுநாள் 'டெய்லி மெயில்' நாளேடு அந்த மூன்று நீதிபதிகளின் படத்தைப் போட்டு, 'மக்களின் பகைவர்கள்' என்று தலைப்பிட்டது. வழக்குத் தொடுத்தவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. 2017 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் 8-3 என்ற கணக்கில் அதே தீர்ப்பை உறுதிசெய்தது.

'கட்டுப்பாட்டைத் திரும்பப் பெறுவோம்' என்றவர்கள் யாருக்குத் திரும்பப் பெற விரும்பினார்கள்? வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்துக்கு. நீதிமன்றம் சொன்னது என்ன? அந்த நாடாளுமன்றத்தைக் கேளுங்கள் என்றது. கேட்ட வரத்தையே கொடுத்த நீதிமன்றத்தைப் பகைவர் என்று அழைத்தார்கள்.

நாடாளுமன்றத்தைக் கேட்டபோது என்ன நடந்தது என்பதுதான் இந்த உரையின் அச்சாணி. உறுப்பினர்களில் பெரும்பாலோர் நீடிப்பை ஆதரித்தவர்கள். ஆயினும் 2017 பிப்ரவரி 1 அன்று விலகல் மசோதாவின் இரண்டாம் வாசிப்பை 498க்கு 114 என்ற கணக்கில் நிறைவேற்றினார்கள். மார்ச் 29 அன்று விலகல் அறிவிப்பு பிரஸ்ஸல்ஸ் போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டு ஜூனில் நடந்த பொதுத்தேர்தலில் கன்சர்வேடிவ், தொழிலாளர் கட்சிகள் இரண்டுமே முடிவை மதிப்போம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதின. அவ்விரண்டுக்கும் சேர்ந்து 80 சதவீதத்துக்கு மேல் வாக்கு விழுந்தது.

அன்பர்களே, இதைக் கவனியுங்கள். தோற்றவரின் இசைவு இல்லை என்று சொல்வது வரலாற்றுக்கு மாறானது. 2017-இன் முற்பகுதியில் அந்த இசைவு இருந்தது. வருத்தத்தோடு, மனத்தாங்கலோடு, ஆனாலும் இருந்தது. அதை வாங்கி வைத்துக்கொள்ளத் தெரியாமல் வீணாக்கியவர்கள் வென்றவர்கள்.

5. கருத்து அடையாளமாக இறுகிய கதை

வாக்கெடுப்புக்கு முன்பு பெரும்பாலான பிரிட்டிஷ் மக்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அன்றாடம் யோசிக்கும் விஷயமே அல்ல. வாக்களித்த பிறகு நிலைமை மாறியது. சாரா ஹோபோல்ட் முதலிய ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். 'வெளியேறுவோர்', 'நீடிப்போர்' என்ற இரண்டு பெயரும் கட்சி விசுவாசத்துக்கு ஈடான அடையாளங்களாக வளர்ந்தன. தம் பக்கத்தார் நேர்மையானவர், எதிர்ப்பக்கத்தார் குறுகிய மனத்தினர் என்ற எண்ணம் இரண்டு பக்கமும் பரவியது. கருத்தைக் காரணம் காட்டி மாற்றிக்கொள்ளலாம். பெயர் ஒட்டிக்கொண்டால் அதைக் கழற்றுவது கடினம்.

இதில் தோற்றவர்களின் பங்கை மறைக்க மாட்டேன். வெளியேறச் சொன்னவர்களைப் படிக்காதவர்கள், ஏமாந்தவர்கள், இனவெறியர்கள் என்று ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். வாரத்துக்கு 35 கோடி பவுண்டு ஒன்றியத்துக்குப் போகிறது என்று பிரசாரப் பேருந்தில் எழுதியிருந்தது தவறான கணக்குதான். நாட்டின் புள்ளியியல் ஆணையமே அதைக் கண்டித்தது. ஆனால் ஒன்றியத்தின் நிதியால் சாலையும் கல்லூரியும் பெற்ற வேல்ஸின் எப்ப வேல் பகுதி ஏன் 62 சதவீதம் வெளியேறச் சொன்னது என்ற கேள்விக்கு அந்தப் பேருந்து விடையாகாது. எஃகு ஆலை மூடிய ஊர் அது. அந்த ஊர்க்காரரிடம் போய் உட்கார்ந்து கேட்டவர்கள் மிகச் சிலர்.

வென்றவர்களின் தலைமையும் பிளவை ஆழப்படுத்தியது. தன்னை உலகக் குடிமகன் என்று நினைப்பவர் எந்த நாட்டுக்கும் குடிமகன் அல்லர் என்று 2016 அக்டோபரில், தம் கட்சி மாநாட்டில் பிரதமரே பேசினார். பாதி நாடு அதைத் தன்னைப் பார்த்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டது.

அடையாளம் இறுகிவிட்டால் நடுவழிக்கு ஆள் இருக்காது. பிரதமர் கொண்டுவந்த விலகல் ஒப்பந்தத்தை 2019 ஜனவரி 15 அன்று மக்களவை 432-202 என்று நிராகரித்தது. நவீன காலத்தில் எந்த அரசும் அத்தனை பெரிய தோல்வியைக் கண்டதில்லை. மார்ச்சில் மேலும் இரண்டு முறை நிராகரித்தது. சரி, உங்களுக்கு எதுதான் வேண்டும் என்று உறுப்பினர்களிடமே கேட்டார்கள். மார்ச் 27 அன்று எட்டு வழிகளை முன்வைத்தார்கள். எட்டும் தோற்றன. ஏப்ரல் 1 அன்று நான்கு வழிகள். நான்கும் தோற்றன. அவற்றில் சுங்க ஒன்றியத்தில் இருப்பது என்ற நடுவழி 273-276 என்று மூன்றே வாக்கில் விழுந்தது. முழு வெற்றி வேண்டும் என்று வெளியேற்றத்தின் தீவிரர்கள் எதிர்த்தார்கள். மறு வாக்கெடுப்பைத் தவிர வேறெதையும் ஏற்காத நீடிப்பின் ஆதரவாளர் சிலரும் கைகொடுக்கவில்லை. விலகலையே கைவிடக் கோரும் மனுவில் அப்போது 60 இலட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டிருந்தார்கள். இலண்டன் தெருக்களில் பெரும் பேரணிகள். ஆறு நாளில் பன்னிரண்டு முறை கேட்டும் ஓர் அவை எதற்கும் 'ஆம்' என்று சொல்ல முடியாமல் நின்றது.

அந்த வெற்றிடத்தில் பிரதமராக வந்தவர் போரிஸ் ஜான்சன். நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் மூடிவைக்க அவர் செய்த ஏற்பாடு சட்டத்துக்கு மாறானது என்று 2019 செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். டிசம்பர் தேர்தலில் அவர் 80 இடப் பெரும்பான்மையோடு வென்றார். 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு ஐக்கிய இராச்சியம் ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. அந்தத் தேர்தலில், பிரச்சினை தீர்ந்து மக்கள் வாக்களித்தார்கள் என்பதைவிட, களைத்துப்போய் வாக்களித்தார்கள் என்பதே பொருந்தும்.

6. கடன் எது, அதைச் செலுத்தியவர் யார்?

வென்றவரின் கடனை மூன்று பகுதியாகச் சொல்வேன். வெற்றிக்கு என்ன பொருள் என்று எழுத்தில் விளக்குவது முதலாவது. தோற்றவர் அஞ்சுவது எதை என்று கேட்டு, அதில் இயன்றதை அந்த எழுத்துக்குள் சேர்ப்பது இரண்டாவது. நாளை அவர்களும் அமைதியான வழியில் வெல்லலாம் என்ற கதவைத் திறந்தே வைப்பது மூன்றாவது.

இது கற்பனையல்ல. நார்வே 1994 நவம்பர் 28 அன்று ஒன்றியத்தில் சேர்வதா என்று வாக்களித்தது. வேண்டாம் என்றவர்கள் 52.2 சதவீதம். பிரிட்டனின் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே பிளவு. சேர வேண்டும் என்று பிரசாரம் செய்த பிரதமர் குரோ ஹார்லெம் புருன்ட்லாண்ட் முடிவை ஏற்றுக்கொண்டு பதவியில் தொடர்ந்தார். வென்ற பக்கம் நாட்டை ஒற்றைச் சந்தையிலிருந்தும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. அந்த ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தத்தில் நார்வே நீடித்தது. உறுப்பினராக வேண்டாம் என்றவருக்கும் ஐரோப்பாவோடு இருக்க வேண்டும் என்றவருக்கும் அதில் இடம் இருந்தது. அந்த ஏற்பாடு இன்றும் நிற்கிறது.

டென்மார்க் 1992 ஜூனில், ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை 50.7 சதவீதத்தால் நிராகரித்தது. அந்த நாட்டில் கட்சிகள், எதிர்த்தவர்களில் ஒரு முக்கியக் கட்சி உட்பட, உட்கார்ந்து பேசி, மக்கள் அஞ்சியவற்றைப் பட்டியலிட்டு, நான்கு விலக்குகளைப் பெற்றன. மாறிய அந்த நிலையின் மேல் 1993 மே 18 அன்று மறுபடி கேட்டார்கள். 56.7 சதவீதம் ஏற்றது. அன்றிரவு கோபன்ஹேகனில் கலவரம் மூண்டு காவல்துறை சுடும் அளவுக்குப் போனது என்பதையும் சொல்லியாக வேண்டும். எந்த ஏற்பாடும் எல்லார் கோபத்தையும் ஆற்றாது. ஆனாலும் கேள்வியை மாற்றாமல் மறுபடி கேட்பதற்கும், விடையைக் கேட்டு நடந்துவிட்டு மறுபடி கேட்பதற்கும் வேறுபாடு உண்டு.

அயர்லாந்து கருக்கலைப்புத் தடையை நீக்குவது பற்றி 2018-இல் வாக்கெடுத்தது. அதற்கு முன் குலுக்கல் முறையில் தேர்ந்த 99 குடிமக்கள் ஒரு தலைவரின் கீழ் பல வாரக்கடைசிகள் கூடி, மருத்துவர், வழக்குரைஞர், இரு பக்கத்தார் எல்லாரையும் கேட்டுப் பரிந்துரை தந்தார்கள். தடை நீங்கினால் எப்படிப்பட்ட சட்டம் வரும் என்பதையும் அரசு முன்கூட்டியே வெளியிட்டது. 66.4 சதவீதம் ஆதரித்தது. பிரிட்டனிலும் 2017 செப்டம்பரில் மான்செஸ்டரில் ஐம்பது சாதாரணக் குடிமக்கள் இரண்டு வாரக்கடைசிகள் கூடி பிரெக்ஸிட் பற்றி விவாதித்தார்கள். இரு பக்கத்தாரும் இருந்தார்கள். சத்தம் போடாமல் பேசி, பெரும்பான்மையோடு சில நடுவழிகளை எட்டினார்கள். மக்களால் முடியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கல்வியாளர்கள் கூட்டிய அந்தக் கூட்டத்தை அரசு தன்னுடையதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கடன் செலுத்தாமல் விட்டதன் வட்டியை அதிகம் கட்டியது வட அயர்லாந்து. அயர்லாந்துத் தீவின் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் எல்லையில் மறுபடி சோதனைச் சாவடி வரக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு, வணிகச் சோதனையைக் கடல் வழிக்கு மாற்றியது. அதை எதிர்த்து ஒரு பெரிய கட்சி வெளிநடப்புச் செய்ததால், 2022 பிப்ரவரி முதல் ஈராண்டு காலம் அங்கே அதிகாரப் பகிர்வு அமைச்சரவையே இயங்கவில்லை. 1998-இல் மக்கள் கையில் ஆவணம் கொடுத்துக் கட்டிய அமைதியை, 2016-இல் ஒரு சொல் இத்தனை தூரம் அசைத்தது.

இனி ஈஸ்ட் ஹாம் வீட்டுக்குத் திரும்புகிறேன். ஜூன் 24 காலை, முடிவு தெரிந்திருந்தது. எங்கள் வீட்டுக்காரர் வெளியேறச் சொல்லி வாக்களித்தவர். ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களுக்குத் தடையில்லை, நம் ஊரிலிருந்து அம்மாவைக் கூட்டிவர மட்டும் ஆயிரம் தடையா என்பது அவருடைய ஆற்றாமை. அன்று அவர் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். நானும் உடன் போனேன். போலந்துக்காரரிடம் தாம் எப்படி வாக்களித்தார் என்பதையும் ஏன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். "உங்கள அனுப்பணும்னு நான் போடல. நீங்க இருக்கணும்னு எங்க எழுதிக் கேக்கணுமோ அங்க நானும் கையெழுத்துப் போடுறேன்" என்பதை அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். போலந்துக்காரர் அதை ஏற்கவில்லை. நீங்கள் செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே சொன்னார். அரைமணி நேரம் வாதாடினார்கள். இருவரும் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. காப்பி தீர்ந்தது. அவர் அந்த மாடியில் மேலும் இரண்டு ஆண்டுகள் குடியிருந்தார்.

நாட்டை ஆண்டவர்கள் செய்யத் தவறியதை ஒரு வீட்டுக்காரர் அன்று காலை ஏழு மணிக்குச் செய்து முடித்தார். வென்றதும் தோற்றவர் வீட்டுப் படியேறிப் போய்க் காரணம் சொன்னார், திட்டு வாங்கிக்கொண்டார், ஓர் உறுதி கொடுத்தார். 'வென்றவரின் கடன்' என்ற சொல் எனக்குத் தோன்றியது அந்தப் படிக்கட்டில்தான்.

நிறைவுரை

வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 16 அன்று, யார்க்ஷயரின் பர்ஸ்டல் என்ற சிற்றூரில் தம் தொகுதி மக்களைச் சந்திக்க வந்த ஜோ காக்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தெருவில் கொல்லப்பட்டார். நீடிப்பை ஆதரித்தவர் அவர். வயது 41. கொன்றவன் தீவிர வலதுசாரி வெறியன். நம்மைப் பிரிப்பவற்றைவிட நம்மைச் சேர்ப்பவையே அதிகம் என்பது தம் முதல் நாடாளுமன்ற உரையில் அவர் சொன்னதன் கருத்து. கருத்துவேறுபாட்டைப் பகையாக வளர்த்தால் அதன் கடைசிப் படி எது என்பதை அந்தத் தெரு நமக்குக் காட்டியது.

இன்று அந்த நாட்டில் கருத்துக்கணிப்பு எடுத்தால், வெளியேறியது தவறு என்பவர்களே பெரும்பாலும் அதிகம். ஆயினும் 2024-இல் ஆட்சிக்கு வந்த தொழிலாளர் கட்சி, ஒற்றைச் சந்தைக்கோ சுங்க ஒன்றியத்துக்கோ திரும்பப் போவதில்லை என்று சொல்லியே வாக்குக் கேட்டது. அந்தப் புண்ணைத் தொட அன்று அந்தக் கட்சிக்குத் துணிவில்லை. கருத்துவேறுபாடு தீர்ந்த அமைதி அங்கே இன்னும் வரவில்லை. பேசப் பயந்த அமைதி வந்திருக்கிறது.

மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் சங்கத் தேர்தலில் நிற்பீர்கள், ஊராட்சியில் நிற்பீர்கள், சிலர் சட்டமன்றத்துக்கும் போவீர்கள். தோற்றால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வென்றால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. அதனால் நான் சொல்கிறேன். வென்ற அன்று மாலை ஊர்வலம் போவதற்கு முன், தோற்றவர் வீட்டுக்குப் போங்கள். ஏன் வென்றோம் என்பதைச் சொல்லாதீர்கள், இனி என்ன செய்யப்போகிறோம் என்பதைச் சொல்லுங்கள். அவர் அஞ்சுவது எதை என்று கேளுங்கள். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டதில் ஒன்றையாவது எழுதிக்கொண்டு திரும்புங்கள்.